ஊற்றில் பட்ட குடம்

யுத்தப் பஞ்சத்தோடு வாந்திபேதியும் பள்ளங்கி மலைக்கிராமத்துக்குள் நுழைந்திருக்கிறது. ஊற்றின்மேல் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. வீட்டில் ஒருவருக்குப் பேதி கண்டிருப்பதால் கித்தேரியம்மாள் காலிக் குடத்தோடு எட்டியே நிற்கிறாள். முந்தானைக்குள் அவள் கை எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஊற்றில் குடத்தை அமிழ்த்தியபடி சபுரா ஓரக்கண்ணால் பார்க்கிறாள். நான் போனதும் தண்ணீரில் எதையாவது கலக்கப் பார்க்கிறாளோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"ஏங்க்கா மொள்ளாம நிக்கிறீங்க?"

"எங்க வீட்டுக் கொடம் ஊத்துல படக்கூடாது தாயி. ஊரே குடிக்கிற தண்ணி. நீ மொண்டு ஊத்து."

முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வருகிறது. அதில் செபமாலைதான் இருக்கிறது. இன்று வெள்ளனே தன் மகன் வாந்தியெடுத்ததைச் சபுரா யாரிடமும் சொல்லவில்லை. அமிழ்ந்த குடத்தை மெல்ல வெளியே எடுக்கிறாள். அதன் அடியிலிருந்து நீர் ஊற்றுக்குள்ளேயே சொட்டுகிறது.

"இனி நம்ம ரெண்டு பேருக்கும் யாரு அக்கா மொண்டு ஊத்துவா?"