வளைவில் ஒரு விளக்கு

கிரேக்கத்தின் அந்தச் சின்ன மலையூருக்கு ஜெர்மன்காரி ஹெல்கா வருடம் தவறாமல் வருவார். அர்கிரோவின் விடுதியில் தங்குவார். மறுநாள் காலை ஒலிவ எண்ணெய் பாட்டிலோடு டாக்சியில் கிளம்பி, மலைச்சாலை வளைவில், விபத்தில் இறந்தவர் நினைவாக வைத்த சிறு மாடத்தில் விளக்கேற்றிவிட்டு வருவார்.

இந்த முறை அழைத்துப் போன டாக்சிக்காரன் ஸ்டாத்திஸ் ஊருக்குப் புதியவன். ஹெல்கா அறைக்குப் போனதும் அர்கிரோவிடம் மெல்லக் கேட்டான்.

"அங்க செத்துப்போனது அவங்க பையனா, அக்கா? அப்படி அழுதாங்க."

"இல்லப்பா. என் பையன், மனோலிஸ்."

ஸ்டாத்திஸ் திகைத்தான். "அப்ப இவங்க யாரு?"

"கார்ல வந்து மோதினவங்க."

"அவங்களுக்கா ரூமும் குடுத்து, எண்ணெயும் குடுத்து அனுப்புறீங்க?"

அர்கிரோ காபியை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் அவனை மடியில வச்சிருந்தாங்க. அவன் ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கான். இவங்களுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாது. என்னவோ முக்கியமான சேதின்னு நெனச்சு, அந்தச் சத்தத்தை மறக்காம சுமந்துட்டு வந்து, அப்படியே என் முன்னாடி சொன்னாங்க."

"என்ன சொன்னான்?"

"'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா.'"