காவலுக்குப் போன கேப்டன்

இந்த இரண்டு பேரையும் அடுத்த வருஷம் மைதானத்துக்குள்ளேயே விடக்கூடாது என்று மூன்றாவது குழியிலேயே முடிவு செய்துவிட்டார் கேப்டன் ரத்வென்.

பின்னே என்ன? ஸ்காட்லாந்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வெள்ளிக் கொக்கி வைத்த பெல்ட்டுக்காக மோதும் கோல்ஃப் சாம்பியன் போட்டி. அதில் வந்து மீன் சந்தை மாதிரி கத்தினால்?

"ஏய் டூகல், உன் பந்து இடது பக்கம் மணல் குழிக்குள்ள விழுந்திருக்கு."

"தெரியுதுடா. டூகலுக்கு இது மூணாவது அடி. மூணு."

"சரி, மூணு. இந்த லாக்லனுக்கு ரெண்டுதான் ஆச்சு."

கேப்டன் பொறுத்துப் பார்த்தார். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா. கனவான்கள் ஆடுற இடம் இது."

"சரிங்க, கேப்டன் ஐயா" என்றான் லாக்லன், அடிவயிற்றிலிருந்து.

டூகலும் லாக்லனும் மற்ற நாட்களில் கனவான்களின் மட்டைகளைச் சுமந்து பிழைப்பவர்கள். குறைந்த அடிகளில் முடிப்பவனுக்குத்தான் பெல்ட். இந்தக் கூலிக்காரர்கள் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அடியை மறைத்துவிடுவார்கள் என்பது போட்டியை நடத்தும் கிளப்பின் எண்ணம். அதனால் ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு கனவான் காவலாகப் போய் அடிகளை எண்ணிக் குறிக்க வேண்டும்.

கேப்டன் ரத்வென் குறிக்கக் கிளம்பினால் கிளப்புக்கே ஒரு தெம்பு. கப்பல் ஓட்டிய நாளில் அடிவானத்துப் புள்ளியைப் பார்த்து அது எந்த ஊர்க் கப்பல் என்று சொன்ன கண் அவருடையது.

அது ஒரு காலம். இப்போது பத்தடிக்கு அப்பால் எல்லாமே அவருக்கு மாவு கரைத்த தண்ணீர்தான்.

இந்த ரகசியத்தை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. புதுச் செயலாளர் கேர்ன்ஸ் ஏற்கெனவே ஒரு தடவை வாயைக் கிளறிப் பார்த்தார். "பார்வை மங்கினா சொல்லிடுங்க, கேப்டன். சீமாட்டிகளோட கூடாரத்துல டீ ஊத்த ஆள் தேவைப்படுது." அதற்குக் கடலில் குதித்துவிடலாம் என்று இருந்தது அவருக்கு.

போதாக்குறைக்கு, ஆட்டக்காரர்களின் கிழிந்த கோட்டைப் பார்த்துச் சீமாட்டிகள் முகம் சுளிக்கக் கூடாதென்று, எல்லோருக்கும் ஒரே மாதிரி கட்டம் போட்ட கோட்டைக் கிளப்பே மாட்டிவிட்டிருந்தது. கேப்டனுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு கட்டம் போட்ட மூட்டைகள். எது டூகல், எது லாக்லன் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

காலையில் முதல் குழியில் இருவரும் வாயே திறக்கவில்லை. யார் அடித்தது, எங்கே விழுந்தது, கேப்டனுக்கு ஒன்றும் புரியவில்லை. சும்மா நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று, புல்லில் வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைக் கைகாட்டினார்.

"பந்து அருமையான இடத்துல கிடக்கு."

பந்து எழுந்து ஓடி வளைக்குள் புகுந்துகொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குழி முடிந்ததும் ஒரு மூட்டை தொண்டையைச் செருமியது.

"ஏய் டூகல். முதல் குழியில உனக்கு ஆறு, எனக்கு அஞ்சு. ஞாபகம் வச்சுக்க."

"வச்சுக்கிட்டேன்" என்றது இன்னொரு மூட்டை, கொஞ்சம் தயங்கி.

அப்போது ஆரம்பித்ததுதான் இந்தக் கூச்சல். நல்லவேளை, முயலை அவர்கள் கவனிக்கவில்லை என்று கேப்டன் மூச்சு விட்டார். கத்துகிற கத்தலில் அடிக்கணக்கு தானாக வந்து காதில் விழுந்தது. பென்சிலை நக்கி நக்கிக் குறித்துக்கொண்டார். அவருக்குச் சௌகரியம்தான், ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

கடைசிக்கு முந்தின குழியில் லாக்லனின் பந்து முட்புதருக்குள் போனது. அவனும் பின்னாலேயே உள்ளே போனான். அங்கே நடப்பதைக் கண் உள்ளவனே பார்க்க முடியாது, கேப்டனைக் கேட்கவே வேண்டாம்.

"டூகல், மட்டையை வச்சதும் பந்து நகர்ந்துடுச்சு. அதுவும் ஒரு அடிக் கணக்குதான். எனக்கு நாலு இல்ல, அஞ்சு."

டூகல் புதர் ஓரமாக வந்து நின்றான்.

"நிஜமாவா?"

"நகர்ந்துச்சுன்னா நகர்ந்துச்சுதான்."

"லாக்லனுக்கு அஞ்சு" என்று டூகல் ஊருக்கே கேட்கும்படி சொன்னான். கேப்டன் ஐந்து என்று எழுதினார்.

அந்த ஒரே அடியில் பெல்ட் லாக்லனின் கையைவிட்டுப் போய் டூகலின் இடுப்பில் ஏறியது. கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் கூச்சலும் சட்டென்று அடங்கிவிட்டது. இரண்டு மூட்டைகளும் ஆளுக்கொரு பக்கம் போயின.

கேப்டன் நேராகச் செயலாளரின் கூடாரத்துக்குப் போனார். கணக்கில் ஒரு பிசகும் இல்லாததால் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"கேர்ன்ஸ், அந்த டூகலையும் லாக்லனையும் அடுத்த வருஷம் கூப்பிடக் கூடாது. காலையிலேருந்து ஒருத்தன் பேரை ஒருத்தன் கூவிக் கூவி என் காதே போச்சு. எழுதிக்கங்க."

கேர்ன்ஸ் எழுதவில்லை. "நீங்க சொல்றது வேற யாராவதா இருக்கும், கேப்டன்."

"என் கண்ணுல ஒரு கோளாறும் இல்லை" என்று கேப்டன் சீறினார். "அவங்கதான்."

"அதுக்கில்லை. ஒரு நாய்த் தகராறுல அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு வருஷக்கணக்காச்சு. சர்ச்சுல கூட ஆளுக்கொரு மூலைதான். சத்தமில்லாம இருக்கட்டுமேன்னுதான் அந்த ரெண்டு பேரையும் உங்ககூட அனுப்பினேன்."