வேலியோரச் சண்டை

“சத்தம் கேக்கற ஊட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கோணும் கண்ணு” என்று பெரியப்பா சொல்வார். ஏன் என்பதற்கும் ஒரு காரணம் சொல்வார். அந்தப் பாதி பிரபாகருக்கு மறந்துவிட்டது.

மஸ்கட் வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டு மலைக்குத் திரும்பியவர், தலைச்சோலை கிராமத்தில் வீடு எடுத்தபோது சத்தத்துக்குக் குறைவில்லை. கம்பிவேலிக்கு அந்தப்பக்கம் லூர்துசெல்வி. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர். தனியாள். காலையில் எழுந்ததும் கோழிகளோடு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருப்பார்.

கொரோனா இரண்டாவது அலையில் பிரபாகருக்குக் காய்ச்சல் வந்தது. டெஸ்டில் உறுதியானது. மனைவி கவிதாவும் மகளும் சென்னையில். ஊரடங்கு. பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. வீட்டிலேயே தனியாக இருந்துகொள்ளுங்கள், மூச்சு வாங்கினால் மட்டும் கூப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் ஏற்காட்டுக் கடைகளில் தீர்ந்துபோயிருந்தது.

ஊர் அவரைக் கைவிடவில்லை. மேல்வீட்டு மலர் ரசம் சாதத்தைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். பால்காரர் மாதையன் பாலோடு கபசுரக் குடிநீரும் வைத்துவிட்டுப் போவார். தூரத்தில் நின்றே “நல்லாயிருக்கீங்களா சார்?” என்று கேட்பார்கள். “நல்லாயிருக்கேன்” என்பார். கவிதா போனில் கேட்டாலும் அதே பதில்தான்.

லூர்துசெல்வி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. காய்ச்சல் என்று தெரிந்த மறுநாளிலிருந்து சண்டைக்கு வந்தார்.

விடிந்ததும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலியோரம் நின்று ஆரம்பிப்பார்.

“ஏனுங்க, உங்க பலாப்பழ வாசத்துக்குக் காட்டெருமை எங்க ஊட்டு வாசலுக்கு வருதுங்க. என்னைய முட்டித் தள்ளுச்சுன்னா நீங்களா வந்து கஞ்சி ஊத்துவீங்க?”

வையும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் வைவார்.

“மரம் நான் வர்றதுக்கு முந்தியே இருக்குதுக்கா. காட்டெருமைக்கு நான் பத்திரிகை வெச்சுக் கூப்பிடலை. மறுபடி வந்தா அதுகிட்டயே கேளுங்க” என்று பிரபாகர் சமையலறை ஜன்னலில் நின்று ஒரே மூச்சில் திருப்பிக் கொடுப்பார்.

அடுத்த நாள் மோட்டார் சத்தம் காதைக் கிழிக்கிறது என்பார். இன்னொரு நாள் சில்வர் ஓக் மரத்துச் சருகு கூரையில் விழுகிறது என்பார். பிரபாகரின் கீரைப்பாத்தியைக் கிளறிப்போடும் அவருடைய கோழியைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சீக்காளியிடம் வந்து மல்லுக்கு நிற்கிற மனசு என்ன மனசு என்று கவிதாவிடம் புலம்பினார்.

ஒருநாள் காலையில் உடம்பு சற்று அசதியாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

“பலாக்காய் அத்தனையும் நானே வெட்டி எடுத்துக்கப் போறேனுங்க. கேக்க ஆளிருக்குதா?”

“எடுத்துக்குங்க” என்றார் பிரபாகர்.

“மரத்தையே சாய்ச்சுப் போட்டர்றேனுங்க.”

“சரி.”

லூர்துசெல்வி சட்டென்று வீட்டுக்குள் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மாதான் போன் செய்தார்களாம். எனக்கு ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறேன் என்று பிரபாகர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

“இவர இங்க வெச்சிருக்கக் கூடாதுங்க. கீழ கொண்டுட்டுப் போயிருங்க” என்று லூர்துசெல்வி வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்தக் குரல்தான் பிரபாகரின் காதில் இருந்தது. ஊரை விட்டே விரட்டிவிட்டாள்.

சேலத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தீர்கள் என்றார் டாக்டர். உடம்பு தேறத் தேற, பிரபாகர் படுக்கையில் கிடந்தபடி அந்த மாதத்தை நினைத்துப் பார்த்தார். மலர், மாதையன், டாக்டர், கஞ்சி புகட்டிய நர்ஸ் ஷெர்லின் என்று ஒவ்வொருவரையும் மனதுக்குள் கும்பிட்டார். லூர்துசெல்வியின் முறை வந்தபோது, வேலியை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்குச் சுவர் வைக்க வேண்டும் என்று தோன்றியது. வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கொத்தனார் விஜயகுமாரிடம் ஹாலோ பிளாக் கல்லுக்குச் சொன்னார்.

அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேலியோரம் போனார். நோயாளி என்றும் பாராமல் படுத்தியதை, ஊரை விட்டு அனுப்பியதை, மனிதருக்குக் கொஞ்சமாவது ஈரம் வேண்டும் என்பதை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

லூர்துசெல்வி குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் முகம் மலர்ந்தது.

“துளிகூட மூச்சு வாங்கலீங்க. இனிப் பயமில்ல.”

பிரபாகருக்குப் புரியவில்லை.

“போன வருசம் எங்க ஊட்டுக்காரரு இதே காய்ச்சல்ல படுத்திருந்தாருங்க. கதவுக்கு வெளிய நின்னு, நல்லாயிருக்கீங்களான்னு தெனமும் கேப்பேன். நல்லாயிருக்கேம்பாரு. போன அன்னைக்குக் காத்தாலயும் அதேதாங்க சொன்னாரு.”

துண்டின் முனையைத் திருகிக்கொண்டார்.

“அப்படிக் கேட்டா ஆரும் நெசஞ் சொல்றதில்லீங்க. மூச்சு இருந்தாத்தான் திருப்பிச் சண்டை போட முடியும். அன்னைக்கு நீங்க ஒத்தச் சொல்லோட நின்னுட்டீங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க.”

லூர்துசெல்வி கோழிக்குத் தீனி வைக்கத் திரும்பினார். லேசாக ஒரு இருமல் வந்தது அவருக்கு.

“நீங்க நல்லாயிருக்கீங்களாக்கா?”

“எனக்கென்னங்க, நல்லாயிருக்கேன்” என்றபடி உள்ளே போய்விட்டார்.

பிரபாகர் விஜயகுமாரைக் கூப்பிட்டுக் கல் வேண்டாம் என்றார். நாளைக் காலையிலிருந்து லூர்துசெல்வியின் கோழியைப் பற்றிச் சண்டை போடுவது என்று முடிவு செய்தார்.