ஒன்பதாவது ட்யூபா

"சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. கண்ணையும் மூடிக்குங்க" என்றார் ட்யூபாக்காரர்.

வந்தவர் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார். வாங்க வருகிறவர்களுக்கு ட்யூபாக்காரர் வைத்திருந்த பரீட்சை இது. வாத்தியத்தைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் பாத்திரக் கடைக்குப் போகட்டும் என்பது அவர் கட்சி.

அறையில் ஒன்பது ட்யூபாக்கள் நின்றன. கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய பித்தளைக் குழல்கள். எல்லாமே அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தவை. பித்தளை தூங்கிவிட்டால் கெட்டுவிடும் என்று, தினமும் விடிவதற்கு முன்பே ஒன்பதையும் ஒரு சுற்று ஊதிவிடுவார்.

மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள், அறையைக் காலி பண்ணுங்கள் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றதால்தான் இந்த விற்பனை. அதிலும் எட்டை விற்கத்தான் சம்மதித்திருந்தார். ஒன்பதாவது, நான்கு வால்வு வைத்தது, அவர் உயிரே போனாலும் வீட்டை விட்டுப் போகாது.

இந்த வாரம் மட்டும் மூன்று பேரை விரட்டியாகிவிட்டது. ஒருவன் ஹோட்டல் வாசலில் விளக்கு மாட்டக் கேட்டான். ஒரு அம்மாள், குழலின் வாயில் மண்ணைப் போட்டால் செடி வருமா என்றாள். மூன்றாமவன் எடை என்ன என்று ஆரம்பித்ததுமே கதவைச் சாத்திவிட்டார்.

"கண்ணாடி மாட்டறதுக்குன்னே காது வச்சிருக்குதுங்க" என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார். காதில்லாதவர்களின் முகத்தைப் பார்ப்பதே தண்டம் என்று நினைக்கிற மனிதர். கடைக்காரர் முதல் படிக்கட்டில் வணக்கம் சொல்கிறவர்வரை, ஒருவர் முகமும் அவர் மனதில் தங்கியதில்லை.

இப்போது ஒரு ட்யூபாவை மடியில் ஏற்றி, அடிவயிற்றிலிருந்து ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இது மழை நாள்ல விக்கல் எடுக்குமே, அதுதானே?" என்றார் வந்தவர், திரும்பாமலே.

ட்யூபாக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரக் காற்றில் அதன் நடு வால்வு ஒட்டிக்கொள்வது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். இன்றைக்கோ வெளியே சுள்ளென்று வெயில். அவசரமாக அடுத்ததை எடுத்து ஊதினார்.

"இது எல்லாத்தையும்விட கனம் சார். சத்தம் காதுக்கு வர்றதுக்குள்ள கால் வழியா ஏறிடும்."

ட்யூபாக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த வாரம் அவர் உட்காரச் சொன்ன முதல் ஆள் இவர்தான். "நாப்பது வருஷமா இப்படி ஒரு காதைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றார்.

மனைவி தேநீர் கொண்டுவந்தாள். "உங்களுதுல சர்க்கரை போடலை" என்று வந்தவர் முன்னால் ஒரு கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். வேணுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரிகிறதா இவளுக்கு என்று ட்யூபாக்காரர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர் பெரிய மனசோடு ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

"எட்டையும் எடுத்துக்கறேன். நீங்க சொன்ன விலைதான். ஆனா அந்த ஒன்பதாவதும் வேணும்."

"அது விக்கறதுக்கில்ல."

"அப்ப எட்டும் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு இங்க தங்கிட்டாலும் நான் வாங்கறதுல அர்த்தமே இல்ல."

ட்யூபாக்காரர் அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார். கூடப் பிறந்தவர்களைப் பிரிக்க மனசு வராத மனிதர். விளக்கு மாட்டுகிறவனும் செடி வைக்கிறவளும் நிறைந்த உலகத்தில் இப்படியும் ஒருவர்.

"நாளைக்கு யாருக்காவது வித்துட்டீங்கன்னா?"

"சத்தியமா விக்க மாட்டேன். யாரையும் தொடக்கூட விடமாட்டேன். நீங்களே வந்து கேட்டாலும் தரமாட்டேன்."

ட்யூபாக்காரர் கண் கலங்கச் சிரித்தார். ஒன்பதாவதை ஒரு தடவை தடவிக் கொடுத்து, தன் கையாலேயே துணியில் சுற்றினார். பிரிகிற துக்கம் இருந்தது. ஆனாலும் தகுந்த கையில் கொடுக்கிறோம் என்ற கர்வம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வந்தவர் நீட்டிய உறை கசங்கல் நோட்டும் சில்லறையுமாகப் புடைத்திருந்தது. பாவம், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருக்கிறார் என்று ட்யூபாக்காரர் உருகிப் போனார்.

"ஒம்பதும் ஏத்தணும்னா பெரிய வண்டியா வேணுமே. கீழ நிக்குதா?"

"வண்டி எதுக்கு சார்? உங்களுக்கு நேர் மேல் வீடுதான் எங்களுது. பன்னெண்டு வருஷம் ஆச்சு."

ட்யூபாக்காரர் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் காலில் கிடந்த ரப்பர் செருப்பை. பிறகு தன் கையிலிருந்த உறையை.

"அப்ப இந்தப் பணம்?" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நாலு மாடிலயும் வசூல் பண்ணோம் சார். முதல்ல போட்டது உங்க வீட்டம்மாதான்."