கேட்காமல் சொன்ன கதை

"திரும்பவும் அந்தப் பொம்பளையா? போனை வச்சிருங்கண்ணே" என்றாள் செவந்தி, முகத்துக்குப் பவுடர் போட்டபடி.

தவில் வாசிக்கும் பிராங்க்ளின்தான் அவள் பாட்டுக் குழுவுக்கு நிகழ்ச்சிகளும் பிடித்துத் தருகிறவர். மூன்று மாதமாக அவர் எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிடுகிறாள். கல்குவாரிச் சாவைப் பற்றிச் செவந்தியம்மா மேடையில் பேச வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்று அவள் ஆரம்பித்ததுமே பிராங்க்ளின் துண்டித்துவிடுவார்.

செவந்திக்கு அலுத்துவிட்டது. கோயில் விழாக்காரர்கள் அரசியலே பேசாதே என்கிறார்கள். கட்சிக்காரர்கள் எங்கள் மேடையில் மட்டும் பேசு என்கிறார்கள். வீட்டுக்காரர் நாகராஜனோ, பாட்டுக்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் கேட்கிறார். குளத்தூர்ப் பக்கம் ஒரு குவாரியில் பாறை சரிந்து ராக்கன் என்ற தொழிலாளி செத்ததை அவள் சொல்ல ஆரம்பித்த பிறகு, ஆறு ஊர்களில் நிகழ்ச்சி ரத்தாகிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அந்தக் கதையில்தான் கூட்டம் அழுதது. அந்தப் பேச்சின் வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஆலங்குடியில் அன்று சாயங்காலம் நிகழ்ச்சி. பிராங்க்ளின் போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில், மேடைக்குப் பின்னாலிருந்த தட்டி மறைப்பை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். தோளில் வேலைக்குப் போய்வந்த பை.

"நாந்தாங்க போன் பண்ணுனது."

செவந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குவாரிக்காரங்க அனுப்புனாங்களா?"

"யாரும் அனுப்பலீங்க. குவாரிய நல்லாத் திட்டுங்க. அந்தச் சாவு வீட்டுக் கதைய மட்டும் விட்டுருங்க."

அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லித் திட்டுவதாம்? நசுங்கிச் செத்தவனுக்காகப் பேச இந்த ஜில்லாவில் ஒரு நாதி இல்லை, பேசுகிற ஒருத்தியையும் வாயை மூடச் சொல்ல நீ யார் என்று செவந்தி பொரிந்து தள்ளினாள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு பொண்டாட்டிக்குப் பைத்தியம் புடிச்சு, தெருத்தெருவாத் திரியிறான்னு சொல்றீங்களே, பாத்தீங்களா?"

"பாத்துட்டு வந்துதான் சொல்லணுமா? வேற எப்படி இருப்பா அவ? அப்படிச் சொன்னாத்தான் சனங்களுக்கு ஒறைக்குது."

மைக்கில் செவந்தியின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கூட்டம் கைதட்டியது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியில் கால் வைத்தாள்.

"நான் இங்கிட்டு முந்திரிக் கம்பெனியிலதான் வேலை பாக்குறேங்க" என்றாள் அந்தப் பெண். "எம்மக பத்தாவது படிக்கிது. ஒங்க வீடியோவப் பாத்துட்டு, கிளாஸ்ல அவளப் பைத்தியக்காரி மகள்னு கூப்புடுறாங்க."