கோணல் சுண்டுவிரல்

குளியலறையில் வழுக்கி விழுந்த தையல்காரம்மாவுக்கு ஒரே கவலைதான். முழங்கை உடைந்திருந்தால் இனிக் கத்திரி பிடிக்க முடியாது. எக்ஸ்ரே மேசையில் நீட்டிய கை, வலியில் தையல் மிஷின் ஊசிபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"அசைச்சா படம் கலங்கிடும்மா. பிடிச்சுக்கக் கூட யாரும் வரலையா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"பிடிச்சுக்கிறவர் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு, தம்பி."

எக்ஸ்ரேக்காரர் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பட்டனை அழுத்தினார். அந்த நேரம் பார்த்து கை ஆடாமல் நின்றது. படம் பளிச்சென்று வந்தது.

எலும்பு டாக்டரின் பட்டங்கள் பெயர்ப்பலகையில் அடங்காமல் கதவுச் சட்டம்வரை ஓடியிருந்தன. அவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"எலும்பு உடையலை. அதுசரி, உங்க முன்கையைப் பிடிச்சிட்டிருக்கே இன்னொரு கை, அதுக்கு எந்த மடையன் கட்டுப் போட்டான்? சுண்டுவிரல் இப்படியா கோணலா சேரும்?"

தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். அந்தக் கோணலை இருட்டிலும் அடையாளம் தெரியும் அவருக்கு.

"நீங்கதான் டாக்டர் போட்டீங்க. இதே ரூம்ல, என் வீட்டுக்காரருக்கு."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தையல்காரம்மா நேரே எக்ஸ்ரே அறைக்குத் திரும்பினார்.

"தம்பி, கை இன்னும் ஆடுது. இன்னொரு படம் எடுத்துடுவோமே."

வலி விட்டுப்போயிருந்த கையை மேசையில் வைத்து, வேண்டுமென்றே ஆட்டப் பார்த்தார். அது அசையவில்லை.

"விடுங்க, தம்பி பாக்குறார்," என்று சொல்லிச் சிரித்தார்.