பளபளக்கும் தரையில் நான்கு குளம்புகள்

டெக்சஸில், ரவுண்ட் ராக்குக்கு வெளியே, பருத்தி முதலாளி ஒருவன் கட்டிய பழைய வெள்ளைத் தூண் மாளிகையின் மாடித் தரையில் 1986ஆம் வருஷத்துக் காலை வெயில் கண்ணாடி போலக் கிடக்கிறது. அந்தப் பைன் பலகைகளை மூன்று வருஷம் மண்டியிட்டு இழைத்து மெழுகேற்றியவள் உள்ளூர் டிசைனர் எலிசா. பத்து மணிக்குப் பழைய வீடுகளைச் சோதித்து அங்கீகரிக்கும் பாரம்பரியக் குழுவினர் வருகிறார்கள். தரை பழுதில்லாமல் இருந்தால்தான் வாசலில் பித்தளைப் பட்டயம், அதில் அவள் பெயர். மணி பத்தாக ஐந்து நிமிஷம். வீட்டுக்காரர் டாக்டர் பசுபதி கிரகப்பிரவேசத்துக்கு அழைத்து வந்த பண்ணை மாடு மாடியில் நிற்கிறது. அதன் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே ஒரு காரை நிறுத்தலாம். வாசலில் தலையைச் சாய்த்துப் பண்போடு நுழைந்தது, யாரும் கூப்பிடாமலே படியேறிவிட்டது. "மாடியையும் பாக்கட்டுமே, எலிசா," என்கிறார் பசுபதி. "அங்கிள், மாடு படி ஏறும், இறங்காது! கீழ நின்னு புல்லைக் காட்டுங்க, ப்ளீஸ்!" புல்லைக் காட்டியாகிவிட்டது. மாடு ஜன்னல் வழியே தூண்களை ரசிக்கிறது. கீழே சரளைக் கல்லில் கார் டயர் நொறுநொறுக்கிறது. அழைப்பு மணி அடிக்கிறது. மாடு மெல்ல வாலைத் தூக்குகிறது. "லட்சுமி கடாட்சம்!" என்று பசுபதியின் மனைவி ருக்மிணி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். எலிசா வழுக்கிக்கொண்டே ஓடி, மண்டியிட்டு, வாலுக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்துகிறாள்.